நம்ம ரத்தம்தானே, என்ன ஆகிவிடும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதிக் கோயில் கூடம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். வாரநாள்களில் என் பிழைப்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வகுப்புக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அறுபதைத் தாண்டிய பெண்கள். 1860-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் ஆள் இறக்கியதிலிருந்து தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறை. வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுவார்கள், சுதி மட்டும் பிசகாது.

அன்றைக்கு உடம்பின் பாகங்கள் பாடம். கன்னம், நெற்றி, தோல், ரத்தம் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். முன்வரிசை அக்கா ஒருவர் கைப்பேசியை நீட்டினார். முகமெல்லாம் ரத்தம் வழிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கும் படம். “வாம்பயர் ஃபேஷியல், இதுக்குத் தமிழ்ல என்ன தம்பி?”

“காட்டேரி முகப்பூச்சு” என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “காட்டேரின்னு விளையாட்டுக்குச் சொல்லாதீங்க. எங்க வீட்டில பிள்ளை பிறந்தா காட்டேரிக்குப் படைப்போம்” என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: “மகள் உம்லங்காவில ஒரு கிளினிக்கில பேசி வைச்சிருக்கா. நம்ம ரத்தம்தானே, ஒண்ணும் ஆகாதே?”

அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நம் ரத்தம் என்பதால் ஆபத்து இல்லையா என்பது ஒன்று. நம் ரத்தம் என்பதால் பலன் இருக்குமா என்பது இன்னொன்று. விளம்பரங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், முதல் கேள்விக்குக் கிடைக்கும் நிம்மதியை இரண்டாவதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம்.

சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததையே முகத்தில் போடும் இந்தச் சிகிச்சையின் மருத்துவப் பெயர் பி.ஆர்.பி. தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, என்று பொருள். தட்டணுவை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மழைக்காலம் வந்தால் ‘பிளேட்லெட் இறங்கிவிட்டது’ என்று மருத்துவமனை வாசலில் தவிக்காத குடும்பம் குறைவு. டெங்கு புண்ணியத்தில் அந்தச் சொல் பட்டிதொட்டியெல்லாம் தெரியும். டர்பனில் அந்த அனுபவம் இல்லாததால் வகுப்பில் முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருந்தது.

எலும்பு மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்று ஒரு பெரிய செல் இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து அப்பளம் நொறுங்குவதுபோல உதிரும் துணுக்குகள்தான் தட்டணுக்கள். உட்கரு கிடையாது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். ஆயுள் ஏழிலிருந்து பத்து நாள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருந்தால் அது சரியான அளவு. 1880களின் தொடக்கத்தில் இத்தாலியின் டூரின் நகரத்து மருத்துவர் பிட்சொசெரோ, ரத்தம் உறைவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார். அதன்பின் நெடுங்காலம், ஓட்டை அடைக்கும் வேலைக்காரர்கள் என்பதற்கு மேல் இவற்றுக்கு மரியாதை இருக்கவில்லை.

1970களில் நிலைமை மாறியது. தட்டணுக்களிலிருந்து வெளிவரும் ஒரு பொருள் மற்ற செல்களைப் பெருகச் சொல்கிறது என்று 1974-ல் கண்டுபிடித்தார்கள். அதன்பின் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. தட்டணுவுக்குள் ஆல்ஃபா துகள்கள் என்று சின்னச் சின்னப் பொட்டலங்கள் இருக்கின்றன. காயம் பட்டால் தட்டணு அங்கே ஒட்டிக்கொண்டு, அடைப்பை உண்டாக்கி, கூடவே இந்தப் பொட்டலங்களைப் பிரித்துக் கொட்டுகிறது. உள்ளே இருப்பவை வளர்ச்சிக் காரணிகள். ஒன்று ரத்தக் குழாயை முளைக்கச் சொல்லும், ஒன்று மேல்தோலை மூடச் சொல்லும், இன்னொன்று ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற நார் செல்லை எழுப்பி தோலுக்கு உறுதி தரும் நார்ப்புரதமான கொலாஜனை நெய்யச் சொல்லும். கல்யாண வீட்டுக்கு முதலில் வந்து சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர் எல்லாருக்கும் ஆள் அனுப்பும் மாமாவைப் போல. மாமா கரண்டி பிடிக்க மாட்டார். ஆனால் அவர் வராவிட்டால் அடுப்பு எரியாது.

இந்த மாமாக்களை மொத்தமாகத் திரட்டி வேண்டிய இடத்தில் இறக்கினால் என்ன என்பதே பி.ஆர்.பி.யின் யோசனை. 1998-ல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், தாடை எலும்பு ஒட்டும்போது இதைச் சேர்த்துப் பயன்படுத்தி, எலும்பு சீக்கிரம் கட்டுகிறது என்று எழுதிய கட்டுரைதான் பலருக்கும் கதவைத் திறந்துவிட்டது. பல் மருத்துவத்திலிருந்து எலும்பு முறிவு, விளையாட்டு வீரர்களின் தசைநார், முழங்கால், தலைமுடி என்று நகர்ந்து கடைசியில் முகத்துக்கு வந்து சேர்ந்தது. ‘வாம்பயர்’ என்பது அலபாமா மாநில மருத்துவர் சார்ல்ஸ் ரனெல்ஸ் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்ட சொல். 2013-ல் கிம் கார்டாஷியன் ரத்தம் தோய்ந்த முகத்தோடு படம் போட்டார், உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரே பின்னாளில், இனி அதைச் செய்துகொள்ள மாட்டேன் என்று சொன்னார். அந்தப் பேச்சு அவ்வளவாகப் பரவவில்லை.

சரி, கிளினிக்கில் என்ன நடக்கிறது? கையில் ரத்தம் எடுப்பார்கள். பத்து மில்லி, இருபது மில்லி, சில இடங்களில் அதற்கும் மேல். உறையாமல் இருக்க ட்யூபில் சிட்ரேட் இருக்கும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சுழற்றுவார்கள். முறத்தில் நெல் புடைத்தவர்களுக்கு இது புரியும். கனமானது ஒரு பக்கம், லேசானது ஒரு பக்கம். சிவப்பணுக்கள் அடியில் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும். இடையில் மெல்லிய வெள்ளைப் படலம், வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்தது. மெதுவாகச் சுழற்றினால் தட்டணுக்கள் பிளாஸ்மாவிலேயே மிதந்து நிற்கும். வேகமாகச் சுழற்றினால் அவையும் கீழே இறங்கிவிடும். சிலர் முதலில் மெதுவாக ஒரு முறை, பிளாஸ்மாவை மாற்றி எடுத்து வேகமாக இரண்டாம் முறை என்று செய்கிறார்கள். சிலர் ஒரே சுற்றோடு முடித்துவிடுவார்கள்.

என் தொழிலில் இருப்பவனுக்கு இங்கேதான் மனசு உறுத்தும். நாங்கள் தினமும் சுழற்றுகிறோம். ‘மூவாயிரம் சுற்று, பத்து நிமிடம்’ என்று சொன்னால் எந்தச் சென்ட்ரிஃபியூஜில் என்று திருப்பிக் கேட்போம். மையத்திலிருந்து ட்யூபின் அடி பத்து சென்டிமீட்டரில் இருந்தால் அந்த வேகத்தில் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விசை. பதினைந்து சென்டிமீட்டர் என்றால் ஆயிரத்து ஐந்நூறு மடங்கு. அதே எண்ணை ஒரு மெஷினில் பார்த்து இன்னொன்றில் போட்டால் தட்டணு இருக்கிற இடம் மாறிவிடும். மேலாக இருக்கும் அழகான மஞ்சள் நீரை உறிஞ்சி ஊசி போடுகிறவர், தட்டணு எல்லாம் அடியில் தங்கிவிட்டதைக் கவனிக்காமல் வெறும் பிளாஸ்மாவை ஏற்றிவிடலாம். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். அழகு கிளினிக்குகளில் எண்ணிப் பார்ப்பது வழக்கமில்லை.

வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். அக்காவுக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு இரண்டு லட்சம் தட்டணு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து மில்லி ரத்தம் எடுத்தால் அதில் மொத்தம் 200 கோடி. ராபர்ட் மார்க்ஸ் பின்னர் சொன்ன அளவுகோல் மைக்ரோலிட்டருக்குப் பத்து லட்சம், அதாவது அக்காவின் ரத்தத்தைப் போல ஐந்து மடங்கு. அந்த 200 கோடியையும் ஒன்று விடாமல் திரட்டினாலும் அந்தச் செறிவில் இரண்டு மில்லிதான் தேறும். ஆக, பத்து மில்லி எடுத்துவிட்டு ஐந்து மில்லி பி.ஆர்.பி. தருகிறோம் என்று யாராவது சொன்னால், எவ்வளவு உயர்ந்த மெஷினாக இருந்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் செறிவு வர வழியே இல்லை. இல்லாத தட்டணுவைச் சென்ட்ரிஃபியூஜ் உண்டாக்காது. பால்காரர் கணக்குத்தான். இத்தனை லிட்டர் பாலுக்கு இத்தனை வெண்ணெய், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் ஒரு கிளினிக்கோடு முடிவதில்லை. வெள்ளையணுவைச் சேர்க்கலாமா கூடாதா, ஊசிக்கு முன் கால்சியம் குளோரைடு கலந்து தட்டணுவைத் தூண்டிவிட வேண்டுமா அல்லது தோலுக்குள் போய்த் தானே திறந்துகொள்ளட்டும் என்று விடலாமா, எத்தனை மடங்கு செறிவு நல்லது, எல்லாவற்றிலும் ஆளுக்கொரு வழி. செறிவு கூடக்கூடப் பலன் கூடும் என்றும் சொல்வதற்கில்லை. ஆய்வகத் தட்டில் ஓர் அளவுக்கு மேல் போனால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பெருகுவது குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். சிட்ரேட்டே இல்லாமல் உறையவிட்டு எடுக்கும் பி.ஆர்.எஃப். என்ற தம்பி முறை ஒன்றும் உண்டு. 2001-ல் பிரான்சில் ஜோசஃப் ஷுக்ரூன் என்பவர் கொண்டுவந்தது. ஆகவே ‘பி.ஆர்.பி. வேலை செய்யுமா’ என்று கேட்பது ‘சாம்பார் நன்றாக இருக்குமா’ என்று கேட்பதுபோல. யார் வீட்டுச் சாம்பார்?

இருந்தாலும் ஆதாரம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். தட்டில் வளர்த்த மனிதத் தோல் செல்களில் பி.ஆர்.பி. விட்டால் கொலாஜன் உற்பத்தி கூடுகிறது. இது திரும்பத் திரும்பப் பார்த்தது. முகத்துக்கு வரும்போதுதான் கதை மெலிகிறது. எனக்குப் பிடித்த ஆய்வு 2018-ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 27 பேரைச் சேர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கன்னத்தில் மூன்று மில்லி பி.ஆர்.பி., மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். எந்தக் கன்னத்தில் எது என்று அவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்ட மருத்துவர்களுக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்த மருத்துவர்களுக்கு இரண்டு கன்னங்களுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. சிகிச்சை பெற்றவர்களோ பி.ஆர்.பி. போட்ட பக்கத்தில் தோலின் சொரசொரப்பு கூடுதலாகக் குறைந்திருக்கிறது என்றார்கள்.

இதை இரண்டு கட்சியும் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொள்ளலாம். எது எந்தக் கன்னம் என்று தெரியாமலே சொன்னதால் அவர்கள் பேச்சைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது, ஏதோ நடந்திருக்கிறது. ஆனால் அந்த ஏதோ, தோலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆறு மாதத்தில் தெரியாத அளவு சின்னது. ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்த ஆய்வு என்பதையும் சொல்லியாக வேண்டும். கிளினிக்குகளில் பொதுவாக மாதம் ஒன்றாக மூன்று முறை போடுகிறார்கள். அப்படிச் செய்து முன்னேற்றம் கண்டதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அவற்றில் பல சின்னவை, ஒப்பிடக் கன்னமே இல்லாதவை. எடை போட்டால் என் தராசு ‘லேசான பலன் இருக்கலாம்’ என்ற பக்கம்தான் சாய்கிறது. முகத்தில் பருத் தழும்புக்கு நுண்ஊசியோடு சேர்த்துச் செய்யும்போதும், தலைமுடி உதிர்வதிலும் இதைவிடக் கொஞ்சம் தெம்பான ஆதாரம் இருக்கிறது. முழங்காலில் நிலைமை நேர்மாறு. ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்துச் செய்து 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு வருடம் கழித்து உப்புநீருக்கும் பி.ஆர்.பி.க்கும் வலியில் வித்தியாசம் இல்லை.

உப்புநீர்க் கன்னத்தைப் பற்றி இன்னொன்று. அதிலும் ஊசி குத்தினார்கள். ஊசி குத்தினாலே காயம், காயம் என்றாலே தட்டணு தானாக வந்து சேரும், காசு கேட்காமல். ‘வாம்பயர் ஃபேஷியல்’ என்பதோ நூற்றுக்கணக்கான நுண்ஊசிகளால் முகத்தைக் குத்தி, அதன்மேல் பி.ஆர்.பி.யைத் தடவுவது. பிறகு தோல் மினுமினுத்தால் அந்தப் புகழில் ஊசிக்கு எவ்வளவு, ரத்தத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது கஷ்டம். நான் இதைச் சொன்னதும் பின்வரிசையில் ஒருவர், “அப்படின்னா தைப்பூசத்துக்கு என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் கன்னத்தில அலகு குத்திக்கிறாரே, அவருக்கு இந்நேரம் இருபது வயசு ஆகியிருக்கணுமே” என்றார். அந்த வேலின் கணக்கே வேறு, அதை நான் இதோடு சேர்க்கவில்லை. ஆனால் ஊசிக்குப் பயப்படாத ஊர் என்பது மட்டும் உண்மை.

முதல் வாரத்தில் எடுக்கும் படங்களையும் நம்பாதீர்கள். ஊசி போட்ட மூன்றாம் நாள் முகம் நிறைந்து, சுருக்கம் மறைந்து தெரிவது வீக்கத்தால். காயம் ஆறும் கணக்கில் ஃபைப்ரோபிளாஸ்ட் புதுக் கொலாஜன் நெய்து அதை முறுக்கேற்ற மாதக்கணக்கில் ஆகும். உண்மையான மாற்றம் இருந்தால் அது மூன்றாம் மாதப் படத்தில் தெரிய வேண்டும், அதுவும் அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், பவுடர் போடாமல்.

‘நம்ம ரத்தம்’ என்பதன் மறுபக்கம் இது: நம் ரத்தம் எப்படியோ அப்படித்தான் மருந்தும். டர்பன் இந்தியர்களிடையே சர்க்கரை நோயும் இளவயது மாரடைப்பும் அதிகம் என்பது இங்கே எல்லா டாக்டர்களும் அறிந்தது. என் வகுப்பில் கைதூக்கச் சொன்னேன். பாதிப் பேர் தினம் ஓர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள். ஆஸ்பிரினின் வேலையே தட்டணுவை மந்தப்படுத்துவது. ஒருமுறை மந்தமான தட்டணு தன் ஆயுள் முழுக்க அப்படியேதான் இருக்கும், புதியது பிறந்து வந்தால்தான் உண்டு. அப்படி மந்தமான தட்டணுக்களைத் திரட்டி முகத்தில் போட்டால் எந்த அளவு வேலை நடக்கும் என்று யோசிக்க வேண்டும். இதைச் சொன்னதும் ஒருவர், “அப்ப ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திடலாமா?” என்றார். கூடவே கூடாது. இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரினையோ ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வேறு மாத்திரையையோ முகச் சுருக்கத்துக்காக நிறுத்துவது, ஓலைக் கூரையில் ஒழுகுகிறது என்று தூணை வெட்டுவதுபோல. தட்டணு எண்ணிக்கை குறைந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், முகத்தில் புண்ணோ தொற்றோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இவர்களுக்கு இது வேண்டாம் என்றுதான் பொறுப்பான மருத்துவர்கள் சொல்வார்கள்.

ஆபத்துக்கு வருகிறேன். சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை ஏறக்குறைய இல்லை. வேற்றுப் பொருளைத் திணிக்கும் ஃபில்லர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய அனுகூலம். சிவப்பு, வீக்கம், ரத்தம் கட்டி நீலம் பாரிப்பது, இவை சில நாளில் போய்விடும். ஆனால் ‘சொந்த ரத்தம்’ என்ற உத்தரவாதம் அந்த ட்யூப் உங்களுடையதாக இருக்கும்வரைதான். 2018-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தை மூடினார்கள். அங்கே சமையலறைக் குளிர்பெட்டியில் சாப்பாட்டுப் பொருள்களோடு பெயர் ஒட்டாத ரத்த ட்யூப்கள் இருந்தன. உறை பிரித்த ஊசிகள் மேசை இழுப்பறையில் கிடந்தன. அங்கே முகச் சிகிச்சை செய்துகொண்ட குறைந்தது மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. நடத்தியவர் உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

ரத்தக் கூடத்தில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது இதுதான்: ஆள் எதிரே இருக்கும்போதே, பெயரைக் கேட்டு, ட்யூபில் ஒட்டு. அடுத்த அறைக்குப் போய் ஒட்டலாம் என்று நினைக்காதே. ஒரே காலையில் மூன்று பேருக்கு ரத்தம் எடுத்து ஒரே சென்ட்ரிஃபியூஜில் வைக்கும் இடத்தில், சுழன்று நின்ற மூன்று ட்யூப்களும் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் கண்முன்னால் உங்கள் பெயரை ஒட்டச் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. தைரியமாகக் கேளுங்கள்.

அபூர்வமான, ஆனால் பயங்கரமான ஒன்றும் உண்டு. புருவ நடுவிலும் கண்ணைச் சுற்றியும் உள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. ஊசிமுனை தவறித் தமனிக்குள் போய்விட்டால் உள்ளே போனது பின்னோக்கிப் பாய்ந்து விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடலாம். பி.ஆர்.பி. ஊசிக்குப் பிறகு ஒரு கண் பார்வை போனவர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. முகத்தின் ரத்தக் குழாய் வரைபடம் மனப்பாடமாகத் தெரிந்த கைதான் அங்கே ஊசி பிடிக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. தன் பதிவேட்டை இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஊசி போடப்போகிறவரின் பெயரை அதில் தேட ஒரு நிமிடம் போதும். அழகுக்காகச் செய்வது என்பதால் மெடிக்கல் எய்ட் என்ற மருத்துவக் காப்பீடு பொதுவாக உதவாது. ஒரு தடவைக்குச் சில ஆயிரம் ராண்ட், மூன்று தடவை, பிறகு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று கைக்காசுதான் போகும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம். அக்காவிடம் “முகத்தில் எது பிடிக்கவில்லை?” என்று கேட்டேன். சுருக்கம் என்று சொல்லவில்லை. இரண்டு கன்னத்திலும் படர்ந்திருக்கும் கருமையைத் தொட்டுக் காட்டினார். நம் ஊரில் மங்கு என்போம். வெள்ளைத் தோல் வெயிலில் முதிரும்போது கோடு கோடாகச் சுருங்குகிறது. நம் தோலில் நிறமி கூடுதல் என்பதால் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். முதலில் வருவது மங்கு, கரும்புள்ளி, கண்ணடிக் கருவளையம், சீரற்ற நிறம். கொலாஜனைக் கூட்டுவதாகச் சொல்லும் பி.ஆர்.பி. விளம்பரங்கள் சுருக்கத்தை மனதில் வைத்து வெள்ளை முகங்களைக் காட்டுகின்றன. மங்குக்கு இதைப் போட்டுப் பார்த்த சின்ன ஆய்வுகள் இருந்தாலும் அதை நம்பிப் பணத்தை இறக்கும் அளவுக்கு இன்னும் தேறவில்லை. போதாததற்கு, நம் தோல் எந்தக் காயத்துக்கும் கறுத்துப்போய்த்தான் பதில் சொல்லும். கொசு கடித்த இடம் ஆறு மாதம் கருப்பாக நிற்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். நுண்ஊசியால் முகமெல்லாம் குத்தினால், கருமையைப் போக்கப் போனவர் புதுக் கருமையோடு திரும்பவும் வாய்ப்பு உண்டு. மேடிட்ட தழும்பு வளரும் உடம்புக்காரர்கள் இன்னும் யோசிக்க வேண்டும்.

இந்த நாட்டுக்கு முகச் சிகிச்சையில் பட்ட அனுபவம் உண்டு. நிறவெறி ஆட்சிக் காலத்தில், வெளுப்புக்கு மதிப்பு இருந்த சமூகத்தில், ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுக்கும் க்ரீம்கள் கடை கடையாக விற்றன. வருடக்கணக்கில் பூசியவர்களின் கன்னம் வெளுப்பதற்குப் பதில் கருநீலமாகத் தடித்தது. இதை 1975-ல் தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர்கள்தான் முதலில் விவரித்து எழுதினார்கள். 1990-ல் அரசு இந்த க்ரீம்களைத் தடை செய்தது. அப்படித் தடை செய்த முதல் நாடு இதுவே. வகுப்பில் வயதான ஒருவர் தன் அம்மாவின் கன்னத்தை நினைத்து ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பி.ஆர்.பி.யில் அந்த விஷம் இல்லை. ஆனால் ஆதாரத்துக்கு முன்னால் ஆசை ஓடுகிற பாதை அதே பாதைதான்.

பிறகு வெயில். டர்பன் கோடையில் புற ஊதாக் குறியீடு பத்தைத் தாண்டும் நாள்கள் சாதாரணம். தோல் முதுமையில் பெரும்பங்கு இந்தக் கதிரால். புற ஊதாக் கதிரில் யு.வி.ஏ. என்ற வகை மேல்தோலைத் தாண்டி அடித்தோலுக்குள் போய், கொலாஜனை அறுக்கும் நொதிகளை எழுப்புகிறது. கார்க் கதவுக் கண்ணாடியையும் அது பெரும்பாலும் கடந்துவிடும். அமெரிக்காவில் 28 வருடம் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அங்கே ஓட்டுநர் ஜன்னல் இடப்பக்கம். இடக் கன்னம் தொங்கிச் சுருங்கி, வலக் கன்னத்தைவிட இருபது வயது மூத்ததுபோல இருக்கும். இங்கே ஓட்டுநர் வலப்பக்கம். தினம் வெரூலத்துக்கும் டோங்காட்டுக்கும் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் வலக் கன்னத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

சன்ஸ்கிரீனுக்கு ஆதாரம் கேட்டால் தயங்காமல் எடுத்து வைக்கலாம். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். தினமும் பூசச் சொல்லி வைத்தவர்களுக்கு, தங்கள் இஷ்டப்படி பூசியவர்களைவிட 24 சதவீதம் குறைவாகத் தோல் முதிர்ந்தது. மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும். சாதாரண வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகை தடுக்கும். சுருக்கத்துக்கு ட்ரெட்டினாயின் க்ரீமுக்கு 1980களிலிருந்து ஆதாரம் குவிந்திருக்கிறது, டாக்டர் சீட்டு வேண்டும், கர்ப்பத்தில் கூடாது. மாதவிடாய் நின்றபின் முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது என்பதையும் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை. ‘திடீரென்று கிழவி ஆகிவிட்டேன்’ என்று ஐம்பத்தைந்தில் அழுபவர்களிடம், இது உன் பிழை இல்லையம்மா, ஹார்மோன் என்று சொன்னால் பாதி பாரம் இறங்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு யாராவது பி.ஆர்.பி. போட்டுக்கொள்வதாக இருந்தால் நான் தடுக்க மாட்டேன். பதிவு பெற்ற தோல் மருத்துவர், கண்ணெதிரே பெயர் ஒட்டிய ட்யூப், வெள்ளைத் தோலைவிட நம் தோலைப் பார்த்துப் பழகிய கை, கடன் வாங்காத காசு, இந்த நான்கும் இருந்தால் சரி. வரப்போவது லேசான மெருகு, அல்லது எதுவுமில்லை என்று தெரிந்து போக வேண்டும்.

அக்கா மறுவாரம் நோட்டில் இரண்டு கேள்விகளைத் தமிழில் எழுதி வந்திருந்தார். எழுத்துப் பிழை பார்த்துத் தரச் சொன்னார். ‘எத்தனை மில்லி ரத்தம் எடுப்பீர்கள்? எத்தனை மில்லி திருப்பிப் போடுவீர்கள்?’ திருப்பி என்பதில் ‘ப்’ விட்டிருந்தது, போட்டுக் கொடுத்தேன். மகள் அதை ஆங்கிலமாக்கி கிளினிக்குக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்த பெண், டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னாளாம். மூன்று ஞாயிறு போய்விட்டது. அக்கா இப்போது வகுப்புக்கு வரும்போது பழைய அகலவிளிம்புத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வருகிறார். கோயிலுக்குள் நுழையும்போது கழற்றி, செருப்புக்குப் பக்கத்தில் வைக்க மனமில்லாமல் என் மேசைமேல் வைக்கிறார்.